சமூகப் பணிக்குப் போகும் இரண்டாண்டுப் படிப்பு

(நியூ ஜெர்சி மாநிலம் எடிசன் நகரில், தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் போனதிலிருந்து பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “அக்கா, ரெண்டு வருஷம் ஆன்லைன்ல அசோசியேட் டிகிரி படிச்சா சோஷியல் வொர்க்கர் ஆயிடலாமா?” ஆக முடியாது. ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களில் பலருக்கு அந்தப் படிப்பைவிடச் சிக்கனமான தொடக்கம் இந்த நாட்டில் கிடையாது. இவை இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று விளக்கத்தான் வந்திருக்கிறேன். நான் பகலில் மருத்துவமனையில் சமூகப் பணியாளர், சில மாலைகளில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் ஆன்லைன் வகுப்புக்கு ஆசிரியை. அதனால் படிக்க வருகிறவர்களையும் தெரியும், படித்து முடித்தவர்களை வேலைக்கு எடுப்பவர்களையும் தெரியும்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ‘சோஷியல் வொர்க்கர்’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. நம் மாநிலத்தில் இதற்கென்று 1991இல் ஒரு உரிமச் சட்டமே வந்தது. சமூகப் பணியில் இளநிலைப் பட்டம், அதாவது பி.எஸ்.டபிள்யூ., பெற்றவருக்கு ஒரு சான்றிதழ். முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. பெற்றவருக்கு அடுத்த உரிமம். அதற்கு மேல் பல மாதங்கள் மேற்பார்வையில் வேலை பார்த்து, தனியாக மனநல ஆலோசனை தரும் தகுதி பெற்றவருக்கு இன்னொன்று. மூன்று படிகள். அதில் அசோசியேட் பட்டத்துக்கு இடமே இல்லை. சமூகப் பணிக் கல்வியை நாடு முழுவதும் அங்கீகரிக்கும் கவுன்சில் 1952இல் தொடங்கியது. அது இளநிலை, முதுநிலைப் படிப்புகளை ஆராய்ந்து அங்கீகாரம் தருகிறது. அசோசியேட் பட்டத்தை அது தொடுவதில்லை. ஆகவே ஏதாவது ஒரு கல்லூரி விளம்பரத்தில் “அங்கீகாரம் பெற்ற அசோசியேட் இன் சோஷியல் வொர்க்” என்று பார்த்தால், யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கலாம். சமூகப் பணி என்ற தொழிலின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்க வழியில்லை.

அப்படியானால் இந்த இரண்டாண்டுப் படிப்பு எங்கிருந்து வந்தது? 1963 அக்டோபரில் ஜனாதிபதி கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய பெரிய மனநல மருத்துவமனைகளில் ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்தவர்களை ஊருக்குள்ளேயே வைத்துக் கவனிக்க, சமுதாய மனநல மையங்கள் கட்டுவதற்கான சட்டம். மறு ஆண்டு ஜான்சன் அரசு வறுமை ஒழிப்புத் திட்டங்களைத் தொடங்கியது. மையம் கட்டியாயிற்று, திட்டம் போட்டாயிற்று, வேலைக்கு ஆள் எங்கே? முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் போதவில்லை. அப்போதுதான் ஆர்தர் பேர்ல், ஃபிராங்க் ரீஸ்மன் என்ற இருவர் 1965இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். ஏழைகளுக்குச் சேவை செய்யும் வேலைகளை ஏழைகளுக்கே கொடுங்கள், வேலை பார்த்துக்கொண்டே அவர்கள் படித்து மேலே வரட்டும் என்பது அவர்கள் வாதம். கம்யூனிட்டி காலேஜ்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ‘ஹியூமன் சர்வீசஸ்’ என்ற பெயரில் இரண்டாண்டுப் படிப்புகள் பரவியது இப்படித்தான். ஆக, இந்தப் பட்டத்தின் பிறப்பிலேயே இரண்டு நோக்கங்கள் கலந்திருக்கின்றன. உடனே ஒரு வேலை, பின்னால் ஒரு ஏற்றம். இன்றைக்கும் குழப்பம் அங்கேதான்.

உடனே கிடைக்கும் வேலை எது? கேஸ் உதவியாளர், முதியோர் மையத்தில் ஒருங்கிணைப்பாளர், மாற்றுத் திறனாளிகள் சேர்ந்து வாழும் இல்லத்தில் பராமரிப்பாளர், அடைக்கலம் தேடி வரும் பெண்களுக்குத் துணை நிற்பவர். எல்லாமே தேவையான வேலைகள்தான், மரியாதையான வேலைகள்தான். சம்பளத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு மனத்துக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, சமூக சேவை உதவியாளர்களின் நடு ஊதியம் ஆண்டுக்கு 41,410 டாலர். சமூகப் பணியாளர்களுக்கு 58,380. பக்கத்து வீட்டு மென்பொருள் சம்பளத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். வீண் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

இரண்டாவது நோக்கமான ஏற்றத்தைத்தான் நான் விரிவாகப் பேச வேண்டும். ஊரில் பஸ் ஏறினால், எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க மாட்டோம். இங்கே படிப்பில் மட்டும் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு ஊரைத் தேடுகிறோம். எந்த உரிமம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டபிள்யூ. என்று பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து எந்தப் பாடங்களை ஏற்றுக்கொள்கிறது என்று கேளுங்கள். கடைசியில்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தலைகீழாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அலுவலகம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாங்கள் சம்பாதித்த கிரெடிட்களில் சராசரியாக 43 சதவீதத்தை மாற்றத்தில் இழந்தார்கள் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். படித்தது, எழுதியது, தேறியது, பணம் கட்டியது எல்லாம் உண்மை. புதுக் கல்லூரி அதை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஓர் எழுத்து செய்யும் வேலையைப் பாருங்கள். அசோசியேட் பட்டத்தில் ஏ.ஏ., ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ். என்று மூன்று வகை உண்டு. ஏ.ஏ., ஏ.எஸ். இரண்டும் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிப்போவதற்காக அமைந்தவை. ஏ.ஏ.எஸ். நேராக வேலைக்குப் போவதற்காக அமைந்தது. அதில் பொதுப் பாடங்கள் குறைவு, தொழில் பாடங்கள் அதிகம். நியூ ஜெர்சியில் 2007இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2008 முதல் மாநிலம் முழுவதற்கும் கல்லூரி மாறுவதற்கான ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இங்குள்ள கம்யூனிட்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். முடித்தவரை மாநிலத்தின் அரசு நான்காண்டுக் கல்லூரி சேர்த்துக்கொண்டால், அவரை மூன்றாம் ஆண்டு மாணவராகவே நடத்த வேண்டும். ஏ.ஏ.எஸ். இந்த ஒப்பந்தத்தில் வராது. விண்ணப்பத்தில் ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ். இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். பார்த்து நிரப்புங்கள். இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு, அதன் பி.எஸ்.டபிள்யூ. பிரிவில் இடம் கிடைப்பது வேறு. பல இடங்களில் பின்னதற்குத் தனி விண்ணப்பம், தனி மதிப்பெண் வரம்பு.

ஒழுங்காகப் போட்டால் கணக்கு நமக்குச் சாதகமாகவே வரும். இரண்டு ஆண்டு கம்யூனிட்டி காலேஜ், இரண்டு ஆண்டு பி.எஸ்.டபிள்யூ. அதன்பின் பல பல்கலைக்கழகங்களில் பி.எஸ்.டபிள்யூ. முடித்தவருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வின் முதல் ஆண்டுப் பாடங்களிலிருந்து விலக்குக் கொடுப்பார்கள். ஆக ஐந்து ஆண்டில் முதுநிலைப் பட்டம். வேறு பாடத்தில் இளநிலை படித்துவிட்டு வருகிறவருக்கு ஆறு ஆகும். முதல் இரண்டு ஆண்டு எவ்வளவு மலிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் நாட்டுச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர். கூட்டரசின் பெல் உதவித்தொகை 2024–25இல் அதிகபட்சம் 7,395 டாலர். வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் கட்டணம் போகப் புத்தகத்துக்கும் மிஞ்சும். நம் மாநிலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் திட்டமும் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் வேலை, ஃபாஃப்சா என்ற உதவித்தொகைப் படிவத்தை நிரப்புவது.

இங்கே விசா விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். பெல் உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அகதிகள் போன்ற வேறு சிலருக்கும்தான். ஹெச்-4 விசாவில் கணவரோடு வந்திருக்கும் பெண்கள் தாராளமாகக் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம், விசாவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கூட்டரசின் உதவித்தொகை கிடையாது. வேலை அனுமதி இல்லாதவர்கள் களப்பயிற்சிக்குப் போகும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முழு ஆன்லைன் படிப்பு ஒத்துவராது. ஒரு பருவத்தில் ஓர் ஆன்லைன் பாடத்துக்கு மேல் அவர்களின் முழுநேரக் கணக்கில் சேராது.

இன்னும் ஒரு கூட்டம் இங்கே உட்கார்ந்திருக்கிறது. மதுரையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள். உங்களைத்தான் சொல்கிறேன், நீங்கள் எதற்காக அசோசியேட் படிக்க வேண்டும்? எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் போதும். பி.காம். ஆனாலும் சரி, தாவரவியல் ஆனாலும் சரி. சான்றிதழை வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் முழுமையாக ஏற்கும், சில இன்னும் கொஞ்சம் கிரெடிட் கேட்கும். கேட்டால் அந்தச் சில பாடங்களை மட்டும் கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் முடித்துவிட்டுப் போங்கள். ஊரில் எம்.எஸ்.டபிள்யூ.வே படித்தவர்கள் சிலரும் இங்கே இருக்கிறார்கள். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி மாதிரி நல்ல கல்லூரியில் படித்தவர்கள் இங்கே ‘எனக்கு இங்கத்துப் படிப்பு இல்லையே’ என்று ஒதுங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வெளிநாட்டுச் சமூகப் பணிப் பட்டத்தை மதிப்பிட்டுச் சான்று தர, முன்னே சொன்ன அதே கவுன்சிலில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. விண்ணப்பியுங்கள். இந்தியாவில் முதல் சமூகப் பணிப் பள்ளியை 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளை தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட், சிகாகோவில் படித்த அமெரிக்கர். இங்கிருந்து போன கல்விதான் இது. திருப்பி எடுத்துக்கொண்டு வருவதற்குத் தயக்கம் என்ன?

சரி, வகுப்புக்குள் வருவோம்.

ஆன்லைன் என்றதும் ‘வீட்டிலிருந்தே சமையலோடு சமையலாக முடித்துவிடலாம்’ என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஒரு மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரத்தில் ஒன்பது மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கணக்கு. வகுப்புக்கு ஒரு மணி என்றால் வெளியில் இரண்டு மணி. நான்கு பாடம் எடுத்தால் முப்பத்தாறு மணி, ஏறக்குறைய ஒரு முழுநேர வேலை. பதினைந்து வாரப் பாடத்தை ஏழு வாரத்தில் முடிக்கும் குறும்பருவமும் உண்டு. அதில் ஒவ்வொரு பாடமும் இரு மடங்கு நேரத்தை விழுங்கும். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் முதல் பருவத்தில் ஒன்று அல்லது இரண்டு பாடம் மட்டும் எடுங்கள். இரண்டு ஆண்டு நான்கு ஆண்டு ஆகும். ஆகட்டும். நான்கு பாடம் எடுத்து இரண்டில் பாதியில் விலகினால் அது மதிப்பெண் பட்டியலில் நிற்கும், உதவித்தொகையையும் பாதிக்கும்.

பாடங்கள் என்று பார்த்தால் ஆங்கிலக் கட்டுரை, சமூகவியல், உளவியல், மனித வளர்ச்சி, புள்ளியியல், சில இடங்களில் உயிரியல். இவை ஆன்லைனில் நன்றாகவே நடக்கின்றன. இரவு பதினொன்றுக்குக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு என் மாணவி எழுதிப் போடும் பதில், பகல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் சொல்வதைவிட எத்தனையோ மேல். வாய் திறந்து ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறவர்கள் எழுத்தில் பொங்கிவிடுகிறார்கள். ஆன்லைன் படிப்பு என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சிக்கல், நேர்காணல் திறன் என்ற பாடத்தில் வருகிறது. உதவி கேட்டு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். இரண்டு மாணவர்கள் ஜூமில் உட்கார்ந்து, ஒருவர் கஷ்டத்தில் இருப்பவராகவும் மற்றவர் பணியாளராகவும் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நம்மவர்கள் இதில் மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? புத்திமதியில். எதிரில் இருப்பவர், “என் மாமியார் வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை” என்று ஆரம்பித்த உடனேயே, நம் மாணவி, “அவங்க பெரியவங்க, நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்” என்று தீர்ப்பை எழுதிவிடுவார். நான்கு நிமிடத்தில் குடும்பமே சமரசம்! நாம் வளர்ந்த விதம் அப்படி. அத்தைகளும் சித்திகளும் யோசனை சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். அதில் அன்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சமூகப் பணியின் அடிப்படையே, தன் வாழ்க்கைக்கு என்ன வேண்டும் என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும் என்பது. கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ‘ஏன்’ என்ற கேள்வியைத் தவிர்ப்பது, மௌனத்தை அவசரமாக நிரப்பாமல் இருப்பது என்று இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும்.

மௌனத்தைத் திரையில் கற்றுக்கொடுப்பது கடினம். ஜூமில் ஒருவர் பேசாமல் இருந்தால் இன்டர்நெட் போய்விட்டதோ என்று நினைக்கிறோம். நேரில், கையைப் பிசைகிறாரா, வாசலைப் பார்க்கிறாரா, கூட வந்த கணவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் பேச்சு. அதனால்தான் முழு ஆன்லைன் என்று விளம்பரம் செய்யும் படிப்பிலும் களப்பயிற்சி நேரில்தான். ஹியூமன் சர்வீசஸ் படிப்புகளுக்குத் தரம் வகுக்கும் கவுன்சில், அசோசியேட் நிலையில் குறைந்தது 250 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. முன்னே சொன்ன சமூகப் பணிக் கல்விக் கவுன்சில் பி.எஸ்.டபிள்யூ.வுக்கு 400, எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு 900 மணி கேட்கிறது. அசோசியேட் நிலையில் செய்ததை பி.எஸ்.டபிள்யூ.வில் கழித்துக்கொள்ள முடியாது. முன்பு பார்த்த வேலை அனுபவத்தையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தொலைவில் உள்ள மாநிலத்துக் கல்லூரியில் ஆன்லைனில் சேருகிறவர்கள், பயிற்சி இடத்தைக் கல்லூரி பிடித்துத் தருமா, நானே தேட வேண்டுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். நீங்களே தேட வேண்டும் என்றால் அது சின்ன வேலையில்லை. கைரேகைப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, தடுப்பூசிச் சான்று என்று வாரங்கள் ஓடும்.

பயிற்சிக்கு எங்கே போவது? முதியோர் மையம், உணவு வங்கி, பள்ளி, வீடற்றோர் விடுதி என்று நிறைய உண்டு. நம்மவர்களுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ‘மானவி’ என்ற அமைப்பு 1985இல் இதே நியூ ஜெர்சியில் தொடங்கியது. வீட்டுக்குள் வன்முறையை அனுபவிக்கும் தெற்காசியப் பெண்களுக்காக இந்த நாட்டில் முதலில் எழுந்த அமைப்பு அது. நாம் ‘இதெல்லாம் நம்மவர்களிடம் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெண்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மொழி தெரிந்த ஆள் இல்லாமல் தடுமாறும் அமைப்புகள் ஏராளம். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, மொழிபெயர்க்க மகனையே நிறுத்திவைத்தால், மகனைப் பற்றிய குறையை அவர் யாரிடம் சொல்வார்?

ஆனால் நம் ஊராருக்கே வேலை செய்வதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. இந்தச் சமூகம் சின்னது. செவ்வாய்க்கிழமை உங்கள் முன் அழுதவரை, ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பிரசாத வரிசையில் பார்ப்பீர்கள். நீங்களாகப் போய் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்கக் கூடாது. அவர் வணக்கம் சொன்னால் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் தெரியாதவர் மாதிரிக் கடந்து போங்கள். “திமிர் பிடித்தவள்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அதே சமயம், ஒரு குழந்தை அடிபடுகிறது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், ரகசியம் காக்கும் கடமை அங்கே முடிகிறது. நியூ ஜெர்சிச் சட்டப்படி இது பணியாளருக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கடமை. தெரிந்த குடும்பம் என்பது சாக்காகாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் துரத்தித் துரத்தி விளம்பரம் செய்யும் லாப நோக்கக் கல்லூரிகள் பக்கம் மிகுந்த யோசனையோடு போங்கள். கொரிந்தியன் கல்லூரிகள் 2015இல் மூடின. ஐ.டி.டி. டெக் 2016 செப்டம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட வளாகங்களை ஒரேயடியாக மூடியது. கையில் கடனும், மற்ற கல்லூரிகள் ஏற்காத கிரெடிட்டுமாக மாணவர்கள் நின்றார்கள். நம் மாநிலத்தில் 18 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. ஒன்று இதே எடிசனில் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆன்லைன் பாடங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டுப் பல மடங்கு கட்டணம் கேட்கும் இடத்துக்குப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

குழந்தைகள் நலத் துறையில் வேலை பார்க்க மனம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 1980இல் சேர்ந்த ஒரு பிரிவின் கீழ், கூட்டரசு மாநிலங்களுக்குப் பயிற்சிப் பணம் தருகிறது. அதை வைத்துப் பல மாநிலங்கள் பி.எஸ்.டபிள்யூ. மாணவர்களின் கட்டணத்தைத் தாமே கட்டுகின்றன. படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அந்தத் துறையில் வேலை பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் இதை ஸ்டாக்டன் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்து நடத்துகிறது. வேலை கடினம், இரவில் அழைப்பு வரும், பல குடும்பங்கள் கதவையே திறக்காது. தாங்க முடியும் என்று தோன்றுகிறவர்கள் மட்டும் கேளுங்கள்.

கேள்வி நேரம் வேண்டும் என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். ருட்கர்ஸ், ஸ்டாக்டன், ராமாபோ மூன்றிலும் அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. நாளைக்கே அவற்றில் ஒன்றின் சமூகப் பணித் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் சேர நினைக்கும் கல்லூரியின் பெயர் இது, பட்டத்தின் பெயர் இது, இந்தப் பாடங்களில் எவற்றை ஏற்பீர்கள், உங்கள் பிரிவில் சேர என்ன மதிப்பெண் வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசியில் யாராவது “எல்லாம் ஏத்துப்போம், கவலைப்படாதீங்க” என்று சொன்னால் நம்ப வேண்டாம். எழுத்தில் பதில் வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். வந்த பதிலை அச்செடுத்து அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.